வேகமும் காலமும்

எனது ஊர் வெள்ளாற்றங்கரையிலுள்ள புவனகிரி. விடுமுறை நாட்களில் வைகறையில் எழுந்து, ஆற்றுப் பாலத்தைக் கடந்து சிதம்பரம் சாலையில் ஓடுதல் என் வழக்கம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனாகிய எனக்கு அசையும் சீரும் அளக்கத் தெரியுமேயன்றிக் கணக்கு வாராது. அக்குறை சென்ற ஆண்டு என்னைப் பெரிதும் வருத்தியது.

கல்லூரி ஓட்டக் குழுவிற்குத் தேர்வு நடந்தது. 10 கிலோமீட்டரை 55 நிமிடத்திற்குள் ஓடல் வேண்டும் என்பது விதி. உடற்பயிற்சிக் கூடத்து ஓடுபொறியில் மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் பழகியிருந்தேன். சாலையிலோ வேகங்காட்டும் கருவியில்லை. கிலோமீட்டர்க் கற்களும் கைக்கடிகாரமுமே துணை. ஆதலின் வேகத்தை ஒரு கிலோமீட்டருக்குரிய காலமாக மாற்ற வேண்டியதாயிற்று. ஓட்டக்காரர் இதனைப் 'பேஸ்' என்பர். 60-ஐ வேகத்தால் வகுத்தால் அத்தனை நிமிடம் என விடை வரும். 60-ஐ 11-ஆல் வகுத்தேன், 5.45 என வந்தது. 5 நிமிடம் 45 விநாடி என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு கல்லையும் அக்கணக்குத் தவறாமல் கடந்தேன். ஓட்டம் எளிதாயிருந்தது, பயிற்சியின் பயன் என்றெண்ணி மகிழ்ந்தேன். முடித்தபோது 57 நிமிடம் 30 விநாடி ஆகியிருந்தது.

தறியை நிறுத்திவிட்டு வந்திருந்த என் தந்தையார், "என்னப்பா, உனக்கு மூச்சே வாங்கவில்லையே!" என்றார். தோல்வியினும் அச்சொல்லே என்னைச் சுட்டது. மண்ணிற் புதைத்த தாலந்துபோல் என் வலிமை செலவாகாமற் கிடந்தது.

அன்றிரவு தோழனொருவன் பிழையை விளக்கினான். நிமிடத்திற்கு விநாடி 60, நூறன்று. எனவே .45 என்பது 45 விநாடியன்று. 60 விநாடியில் நூற்றுக்கு 45 பங்கு, அஃதாவது 27 விநாடியே. கிலோமீட்டருக்கு 18 விநாடியாக 3 நிமிடத்தை வீணே இழந்திருந்தேன்!

2017-ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், புதுக்கோட்டை மாவட்டத்துக் கோவிந்தன் லட்சுமணன் 10,000 மீட்டரை 29 நிமிடம் 55.87 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். இப்போது அதனை நானே கணக்கிட வல்லேன்: சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி; ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடத்திற்குச் சற்றுக் குறைவு. எண் இரண்டாயினும் ஓட்டம் ஒன்றே.

இவ்வாண்டும் தேர்வு வரும். உள்ளங்கையில் 5 நிமிடம் 27 விநாடி என எழுதிக்கொள்வேன். வெல்வேனோ, அறியேன். ஆயின் தந்தையார்க்கு இம்முறை மூச்சு வாங்கியபடியேதான் விடை சொல்வேன்.