சின்னக் காருக்கு நாம் வைத்த பெயர்

கல்லடிப் பாலத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வாகனங்கள் ஒன்றையொன்று கடக்க முடியாத காலம் ஒன்றிருந்தது. 1924 இல் கட்டப்பட்டு, ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரைத் தாங்கிய அந்த இரும்புப் பாலத்தில் ஒரு வாகனத்துக்கே வழி. ஒரு பக்கத்தார் வந்து முடியும்வரை மறுபக்கத்தார் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். 2013 இல் புதிய பாலம் திறக்கப்படும்வரை அதுவே எங்கள் வழக்கம்.

2011 மார்ச்சில், ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் டாடா நிறுவனம் வைத்த 'பிக்செல்' என்ற மாதிரிக் காரின் படங்கள் செய்தி மேசைக்கு வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பாலந்தான். நீளம் மூன்று மீற்றரைச் சற்றே தாண்டியது. ஆயினும் நால்வர் அமரலாம். கதவுகள் கத்தரிக்கோலைப் போல மேல்நோக்கித் திறக்கும். சுவரோடு ஒட்டி நிறுத்தினாலும் இறங்கிவிடலாம். முன் சில்லுகள் கூர்மையாகத் திரும்ப, பின் சில்லுகளில் ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் சுழலும். அதனால் 2.6 மீற்றர் ஆரைக்குள்ளேயே வண்டி வட்டமடித்துவிடும். எங்களைப் போன்ற ஒடுங்கிய வழிக்காரருக்காகவே சிந்தித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

உண்மையில் அது ஐரோப்பிய நகரங்களை எண்ணி வரையப்பட்டது. விற்பனைக்கு வரவேயில்லை. அதற்கு அடித்தளமான நானோ மட்டும் எங்கள் தெருவுக்கு வந்தது.

மழையில் ஒரே ஸ்கூட்டரில் நால்வராகச் செல்லும் குடும்பங்களைப் பார்த்தே ரத்தன் டாடாவுக்கு அந்த எண்ணம் பிறந்தது. 2008 ஜனவரி 10 அன்று டெல்லியில் அதை அறிமுகம் செய்தார். தொழிற்சாலை விலை ஓர் இலட்சம் இந்திய ரூபாய். பின்புறத்தில் 623 சிசி கொள்ளளவுடைய இரட்டைச் சிலிண்டர் இயந்திரம். கண்ணாடி துடைக்க ஒரே துடைப்பான். சில்லுக்கு மூன்றே நட்டுகள். ஆரம்ப வண்டிகளில் பின்கதவுகூட வெளியிலிருந்து திறக்காது. எதை நீக்கலாம் என்ற கேள்வியே அதன் வடிவமைப்பு. நீக்கியதில் சில நீக்கத் தகாதவை என்பதும் பின்னர் தெரிந்தது: 2014 மோதல் சோதனையில் அதற்குக் கிடைத்தவை பூச்சிய நட்சத்திரங்கள்.

2008 இல் அச்செய்திக்கு நான் இட்ட தலைப்பு 'ஏழைகளின் கார்'. கருணையோடுதான் எழுதினேன். உலகமெங்கும் என் தொழில்காரர் அப்படியே எழுதினார்கள்.

2011 இல் நானோ இலங்கைக்கு வந்தது; வரிகளெல்லாம் சேர ஒன்பது இலட்சம் ரூபாவைக் கடந்திருந்தது. எங்கள் அயலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொடுப்பனவுப் பணத்தில் அதை வாங்கினார். முதல் வாரமே பாலத்து வரிசையில் ஓர் இளைஞன், "மாஸ்டர், ஓட்டோவுக்கு நாலாம் சில்லு பூட்டிற்றீங்களா?" என்று கேட்டான். அவரும் சிரித்தார். அதன்பின் கலியாண வீடுகளுக்குப் போனால் வண்டியை மண்டபத்துக்கு எட்ட, மதிலோரம் நிறுத்திவிட்டு நடந்து வருவார். ஒருநாள் நான் காரணம் கேட்டேன். "தம்பி, பேப்பரில் நீங்கள்தானே பெயர் வைத்தீர்கள்" என்றார். கோபம் இல்லை, அதனால்தான் இன்றும் உறுத்துகிறது.

ஜெனீவாவில் மூன்று மீற்றர் நீளம் புத்திசாலித்தனம். கல்லடியில் அதே நீளம் வறுமை. எலும்புக்கூடு ஒன்றே, சட்டைதான் வேறு. வறுமையைத் தாங்கிக்கொள்ளும் மனிதர்கூட அதை வாசலில் நிறுத்திவைக்க விரும்புவதில்லை. தயாரித்தவர்கள் மலிவை முன்னிறுத்தி விற்றார்கள். நாங்கள் அதற்குத் தலைப்பும் கொடுத்தோம். தொழிற்சாலை இடமாற்றம், சில வண்டிகள் தீப்பற்றியமை ஆகியவையும் சேர்ந்துகொண்டன. 2018 உடன் உற்பத்தி நின்றுபோனது. ரத்தன் டாடா 2024 ஒக்டோபரில் மறைந்தபோது அந்த ஸ்கூட்டர் கதையை எல்லாரும் மீண்டும் எழுதினார்கள். நானும் எழுதினேன், பழைய தலைப்பைத் தவிர்த்து.

மாஸ்டர் இப்போது இல்லை. புதிய பாலத்தில் எவரும் காத்திருப்பதில்லை. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கியது. விலையோ சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்தில். மாரி மழையில் பாலத்தால் வரும்போது, ஒரே மோட்டார் சைக்கிளில் தகப்பன், நடுவில் இரு பிள்ளைகள், அவர்கள் தலைமேல் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி தாய் என்று நால்வர் என்னைக் கடந்து போகிறார்கள். அவர்களுக்கான கார் இன்னமும் தேவைப்படுகிறது. அது வரும் நாளில் தலைப்பிட யாராவது என்னைக் கேட்டால், அதன் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.