கடைமடைக்கு வராத பாட்டு வாத்தியார்

சம்பா அறுப்பு முடிஞ்சாச்சு. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடி ஈரத்துல தெளிச்ச உளுந்து முளைச்சு ரெண்டு இலை விட்டிருக்கு. அறுப்பு மிஷின் சக்கரம் போன தடத்துல மட்டும் நசுங்கிப் போச்சு, மத்தபடி பழுதில்ல. கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கிற மாசம் இது. அதனால இன்னிக்கு வயலை விட்டுட்டு எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பத்தி எழுதறேன்.

ஜனவரி 26 கிராம சபையில நான் ஒரு கோரிக்கை வச்சேன். எங்க ஊர் நடுநிலைப் பள்ளிக்கு வாரத்துல ரெண்டு நாளாவது ஒரு பாட்டு வாத்தியார் வேணும், அதுக்கு ஒரு தீர்மானம் போடணும்னு. பந்தல்ல ஒரே சிரிப்பு. பெரியப்பா முறை ஆகிற ஒருத்தர் எழுந்திரிச்சு, "ஏன் தம்பி, பள்ளிக்கூடத்துக்குச் சுத்துச்சுவர் இல்ல, ஆடு மாடு உள்ள வந்து படுத்துக்குது. உனக்குப் பாட்டு கேக்குதா?"ன்னார்.

அவர் சொன்னதுல தப்பில்ல. சுத்துச்சுவரும் வேணும்தான். ஆனா இந்த "முதல்ல அது, அப்புறம் இது"ங்கிற வரிசையில பாட்டு, ஓவியம், விளையாட்டு எல்லாம் எப்பவும் கடைசியிலதான் நிக்குது. வரிசை நகர்றதே இல்ல. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து எங்க பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியார்னு ஒருத்தர் இருந்ததில்ல.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு இது வித்தியாசமாத் தெரியலாம். உங்க பக்கம் சாயங்காலம் ஆனா தெருவுக்குத் தெரு கீபோர்டு வகுப்பு, பரத வகுப்பு இருக்கு. காசு கட்டினாப் போதும். இங்க காசு இருந்தாலும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல. காசும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒண்ணுதான் வழி.

அரசாங்கம் ஒண்ணுமே செய்யலன்னு சொல்ல வரல. 1949லயே சென்னையில அரசு இசைக் கல்லூரி ஆரம்பிச்சாங்க. முசிறி சுப்பிரமணிய ஐயர்தான் அதோட முதல் முதல்வர். அப்புறம் மதுரை, கோவை, திருவையாறுன்னு கல்லூரிகள் வந்துச்சு. 2013ல இசைக்கும் கவின் கலைக்கும்னு தனிப் பல்கலைக்கழகமே வந்துச்சு. பல மாவட்டங்கள்ல அரசு இசைப்பள்ளி நடக்குது. 12 வயசுல இருந்து 25 வயசு வரைக்கும் சேரலாம், மூணு வருஷப் படிப்பு. நாதஸ்வரம், தவில், தேவாரம் மூணுக்கும் எழுதப் படிக்கத் தெரிஞ்சாலே போதும், சேர்த்துக்குவாங்க. நல்ல ஏற்பாடு.

அப்படின்னா குறை எங்க இருக்கு? டெல்டாக்காரனுக்கு இது சுலபமாப் புரியும். மேட்டூர்ல தண்ணி திறக்கிறாங்க. கல்லணைக்கு வருது. ஆத்துல ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. ஆனா கடைமடை வாய்க்கால்ல கணுக்கால் நனையாது. தண்ணி இல்லாம இல்ல. கிளை வாய்க்கால் தூர்ந்து கிடக்கு. இசைக்குன்னு போடற பணமும் அப்படித்தான். தலைமடையில பல்கலைக்கழகம் இருக்கு, நடுவுல மாவட்டத் தலைநகர்ல இசைப்பள்ளி இருக்கு. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வர்ற வாய்க்கால்தான் அடைபட்டிருக்கு.

அந்த அடைப்பு என்னன்னு எங்க ஹெச்.எம். டீச்சர்தான் விளக்கினாங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009ல வந்துச்சு இல்லையா, அதோட அட்டவணையில கலை, உடற்கல்வி, கைத்தொழில் மூணுக்கும் பகுதி நேர ஆசிரியர் வைக்கணும்னு இருக்கு. ஆனா ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் 100 பிள்ளைங்களுக்கு மேல இருக்கிற பள்ளிக்கூடத்துக்குத்தான் அது. எங்க பள்ளியில அந்த மூணு வகுப்பையும் சேர்த்தா ஐம்பதைத் தொடாது. கணக்குப்படி எங்க ஊருக்குப் பாட்டு வாத்தியார் கிடையாது. சின்ன ஊர்ல பிறந்ததுதான் அந்தப் பிள்ளைங்க செஞ்ச குத்தம்.

100க்கு மேல இருக்கிற பள்ளிகள்லயாவது எல்லாம் சரியா நடக்குதான்னு பாத்தா, அங்க வேற கதை. 2012ல தமிழ்நாடு முழுக்க 16,500 பேருக்கு மேல பகுதி நேர ஆசிரியர்களா எடுத்தாங்க. ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி, ஏன், நம்ம தோட்டக்கலைக்குக் கூட உண்டு. வாரத்துக்கு மூணு அரை நாள் வேலை. சம்பளம் மாசம் 5,000 ரூபாய். பத்து வருஷத்துக்கு மேல கழிச்சு அது 12,500 ஆச்சு. மே மாசம் சம்பளம் கிடையாதுங்கிறது அவங்களோட நெடுநாள் குறையா இருந்துச்சு. பணி நிரந்தரம் கேட்டு வருஷா வருஷம் போராடிக்கிட்டு இருக்காங்க. என்னைக் கேட்டா, குத்தகை நிலத்துல தென்னை வைக்கச் சொல்ற மாதிரி இருக்கு இது. அடுத்த வருஷம் இந்த நிலம் நம்ம கையில இருக்குமான்னு தெரியாதவன் தென்னையா வைப்பான்? கீரைதான் போடுவான். பிள்ளைக்கு இசை சொல்லிக்கொடுக்கிறது தென்னை வைக்கிற வேலை.

நடுவுல ஒரு நல்லதும் நடந்திருக்கு, அதையும் சொல்லணும். 2022-23ல அரசுப் பள்ளிகளுக்குன்னு கலைத் திருவிழா ஆரம்பிச்சாங்க. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம்னு படிப்படியாப் போட்டி. மாநில அளவுல ஜெயிச்சா கலையரசன், கலையரசின்னு பட்டம். எங்க பிள்ளைங்க முதல் தடவையா மேடை ஏறினது அதனாலதான்.

எங்க வயல்ல வேலைக்கு வர்ற ஒருத்தரோட பையன், எட்டாவது படிக்கிறான். நண்டுசிண்டா இருக்கறப்பவே பிளாஸ்டிக் குடத்தைக் கவுத்துப் போட்டுத் தாளம் போடுவான். அவங்க அப்பா பறை அடிக்கிறவர். சுத்துப்பட்டு ஊர்ல சாவு விழுந்தா ஆள் வந்து கூப்பிடும். மகன் மட்டும் பறையைத் தொடவே கூடாதுன்னு வச்சிருந்தார். டீச்சர் போய்க் கெஞ்சிக் கேட்டு, கலைத் திருவிழாவுக்கு மட்டும்னு சம்மதம் வாங்கினாங்க. ஆறு பிள்ளைங்க சேர்ந்தாங்க. சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல. செல்போன்ல யூடியூப் பாத்துத்தான் பழகினாங்க. எங்க களத்துமேட்டுல வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, சாயங்காலம் சாயங்காலம் அடிச்சாங்க. இடது கையில சிம்புக்குச்சியை எப்படிப் பிடிக்கணும்னு தெரியாம ரெண்டு வாரம் தடுமாறினாங்க. கடைசியில அந்தப் பையனோட அப்பா பொறுக்க மாட்டாம தானே வந்து உக்காந்து, பிடிச்சுக் காட்டினார்.

வட்டாரத்துல முதல் பரிசு வாங்கிட்டாங்க. மாவட்டத்துல தோத்தாங்க. ஜெயிச்ச பள்ளிக்கூடத்துல நிரந்தரமா ஒரு இசை ஆசிரியர் இருக்கார். வருஷம் முழுக்கப் பயிற்சி. அந்தப் பிள்ளைங்க நல்லா அடிச்சாங்க, ஜெயிச்சாங்க. அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா நாத்தங்கால் ஒருத்தனுக்குக் கொடுத்துட்டு, இன்னொருத்தனையும் கூப்பிட்டு ரெண்டு பேரும் விளைச்சல் போட்டிக்கு வாங்கன்னா அது சரியான போட்டியா?

தோத்து வந்த அன்னிக்கு அந்த அப்பா என்கிட்ட ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, நான் இந்தப் பறையை இழவு வீட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போயிருக்கேன். ஊர்ல என்னைக் கூப்பிடற தொனி உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்துல அடிச்சா மட்டும் மரியாதை வந்துடுமா?"

நான் உடனே ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் யோசிச்சேன். அந்த ஆறு பிள்ளைங்க ஒரே தெருப் பிள்ளைங்க இல்ல, மூணு தெருவுல இருந்து வந்தவங்க. ஒரு பையனோட தாத்தா, "நம்ம வீட்டுப் பிள்ளை பறை அடிக்கிறதா?"ன்னு குதிச்சார். டீச்சர், "இது பள்ளிக்கூடத்துப் போட்டிங்க ஐயா"ன்னாங்க. அவ்வளவுதான், அடங்கிட்டார். தனியார் வகுப்பு வச்சிருந்தா இது நடந்திருக்காது. யார் யாருக்குப் பிடிச்சதோ அவங்கவங்க மட்டும் போயிருப்பாங்க. அரசாங்கம் இதைப் பாடமா வச்சு, ஆசிரியர் போட்டு, மார்க் போட்டா, அது ஒரு சாதியோட வேலையா இல்லாம எல்லாரும் படிக்கிற கலையாயிடும். மரியாதை தானா வராது. ஆனா வர்றதுக்கு வழி திறக்கும். மதுரைப் பக்கத்துல வேலு ஆசானுக்கு 2025ல பறை இசைக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அந்தச் செய்தியை அந்த அப்பாகிட்ட போன்ல காட்டினேன். ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தார்.

பாட்டுப் படிச்சா சோறு போடுமான்னு கிராம சபையில இன்னொருத்தர் கேட்டார். எல்லாருக்கும் போடாதுங்க. விவசாயமும்தான் எல்லாருக்கும் போடல. ஆனா கோயில்கள்ல நாதஸ்வரம், தவில் பணியிடம் இருக்கு. போலீஸ்லயும் ராணுவத்துலயும் பேண்டு இருக்கு. எங்க ஊர்த் திருவிழாவுக்கே இப்ப கேரளாவுல இருந்து செண்டை மேளம் வருது. ஒரு ராத்திரி இன்னிசைக் கச்சேரியும் சேர்த்தா செலவு லட்சத்தைத் தாண்டுது. நாதஸ்வரம் செய்யற நரசிங்கம்பேட்டை நம்ம கும்பகோணத்துப் பக்கம்தான். 2022ல அதுக்குப் புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. கருவி இங்க செய்யறோம், வாசிக்க வெளியில ஆள் தேடறோம்.

வெனிசுலா நாட்டுல 1975ல ஹோசே அந்தோனியோ அப்ரேயுன்னு ஒருத்தர், பொருளாதாரம் படிச்சவர், ஒரு கார் கொட்டகையில 11 பேரை வச்சு ஒரு இசைக்குழு ஆரம்பிச்சார். அரசாங்கத்துகிட்ட கலைக்குன்னு பணம் கேக்காம, ஏழைப் பிள்ளைங்களோட நலத்துக்குன்னு கேட்டு வாங்கினார். ஆட்சிகள் மாறியும் பணம் நிக்கல. பிற்காலத்துல லட்சக்கணக்கான பிள்ளைங்க அதுல படிச்சாங்க. அதுல இருந்து வந்த குஸ்தாவோ துதாமெல் 2009ல லாஸ் ஏஞ்சலஸ் இசைக்குழுவுக்கே இயக்குநர் ஆனார். நமக்கு அவ்வளவு பெரிசா வேணாம். பணம் நிக்காம வந்துக்கிட்டே இருந்துச்சு பாருங்க, அதை மட்டும் கத்துக்கிட்டாப் போதும்.

நான் கேக்கிறது சின்ன விஷயம். பக்கத்துப் பக்கத்துல இருக்கிற நாலு சின்னப் பள்ளிக்குச் சேர்த்து ஒரு இசை ஆசிரியர். நாலையும் கூட்டினா 100 தாண்டிடும். அந்த 12,500 ரூபாய்க் கணக்குலயே பாத்தாலும் 12 மாசத்துக்கு ஒன்றரை லட்சம். ஒரு பள்ளிக்கு 37,500 ரூபாய். அந்தச் சம்பளம் பத்தாது, இரட்டிப்பாக் கொடுத்தா 75,000. எங்க ஊர் ஒரு ராத்திரிக் கச்சேரிச் செலவை விடக் குறைச்சல்.

உங்கள்ல சில பேர் ஆர்மோனியம், மிருதங்கம் அனுப்பட்டுமான்னு கேப்பீங்க. அனுப்புங்க, சந்தோஷம். ஆனா கருவி ஒரு தடவை கொடுக்கிறது. வாத்தியார் மாசா மாசம் வரணும். அதை எந்தப் புண்ணியவானும் இருபது வருஷம் விடாமக் கொடுக்க முடியாது, அரசாங்கத்தாலதான் முடியும். அதனால உங்க சொந்த ஊருக்குக் குலதெய்வம் கும்பிட வர்றப்ப, பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு நடை போய், இங்க பாட்டுக்கு யார் வர்றாங்கன்னு கேளுங்க. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுது. உங்க ஊர் உறவுக்காரங்ககிட்ட சொல்லி எழுந்திரிச்சுக் கேக்கச் சொல்லுங்க.

எங்க ஊர்ல தீர்மானம் நிறைவேறிடுச்சு. சுத்துச்சுவர் பத்தாவது, பாட்டு வாத்தியார் பதினொண்ணாவது. பெரியப்பாவும் கை தூக்கினார். தீர்மானம் போட்டதும் வாத்தியார் வந்துட மாட்டார்னு எனக்குத் தெரியும். அந்தப் பையன் ஜூன்ல ஒன்பதாவதுக்கு வேற ஊர்ப் பள்ளிக்குப் போகணும், அங்கயும் பாட்டு வாத்தியார் இல்ல. மாவட்ட இசைப்பள்ளி முழுநேரப் படிப்பு, பத்தாவது முடிக்காம அனுப்ப மாட்டேங்கிறார் அப்பா. அதுவும் நியாயம்தான். சனி ஞாயிறுல ஜவகர் சிறுவர் மன்றத்துல வகுப்பு உண்டுன்னு சொன்னாங்க. அடுத்த சனிக்கிழமை டவுனுக்கு டிஏபி வாங்கப் போறேன், அவனையும் அவங்க அப்பாவையும் வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் விசாரிக்கணும்.