ஓடிய கால்களுக்கு ஓய்வு

உம்மாவுக்கு இடுப்பெலும்பு அறுவை நிகழ்ந்தபோது, அவர்தம் கால்களில் காற்று நிரம்பும் உறைகளை மாட்டினர். அவை பாதம் முதல் தொடை வரை படிப்படியாக அழுத்தி, குருதி உறையாமல் காக்கும் என்றார் மருத்துவர்.

நெடுந்தொலைவு ஓடும் என் மாணவர் ஒருவர், அதனையொத்த கருவியைக் கடன்பெற்று வாங்க விழைந்து, "வாங்கலாமா ஐயா?" என வினவினார்.

ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். தசைவலி சற்றே தணியும் எனச் சில கூறுகின்றன. இழந்த ஆற்றல் விரைந்து மீளும் என்பதற்கோ உறுதியான சான்றில்லை.

உம்மா நடக்க இயலாதிருந்தார். ஆதலின் கருவி தேவையாயிற்று. நடப்பவர்க்குக் கெண்டைக்கால் தசையே குருதியை மேலேற்றுகிறது.

"கடன் வேண்டாம், தம்பி. மெல்ல நட, நன்றாக உண், நேரத்தோடு உறங்கு" என்றேன்.

அடுத்த வாரமும் அவர் ஓடினார். வலி இருந்தது, கடன் இல்லை.