அணைந்திருந்தால்தான் கவலை

கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர் என்பதால் சென்னையில் அம்பத்தூர், சிறுசேரிப் பக்கமெல்லாம் டேட்டா சென்டர்கள் எழும்பிவிட்டன. அம்பத்தூரில் ஒன்றில் இரவு ஷிஃப்டைப் பார்க்க அனுமதி கிடைத்தது, பெயரைப் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. செல்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

உள்ளே காதைப் பிளக்கும் விசிறிச் சத்தம். ஷிஃப்ட் பொறுப்பாளர் விழுப்புரத்துக்காரர், பாலிடெக்னிக் முடித்தவர். பயிற்சிக்கு வந்திருக்கும் பையன் அவரை ‘அண்ணா’ என்கிறான். ரேக்குகளுக்கு நடுவே ஒரு பாதையில் ஏசிக் குளிர், அடுத்ததில் அனல். சர்வர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சின் விளக்குகளைப் பார்க்க அனல் பாதையில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. சர்வர்களின் கேபிள்கள் பின்பக்கம் வருகின்றன. அதற்கேற்ப ஸ்விட்சின் போர்ட்களையும் அந்தப் பக்கமே திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

அவர் காட்டியது சிஸ்கோ நெக்சஸ் 93180 ரகம். நாலரை சென்டிமீட்டர்கூட உயரமில்லாத பெட்டியில் 25 ஜிகாபிட் போர்ட்கள் 48, 100 ஜிகாபிட் போர்ட்கள் 6. பாதிக்கு மேல் ஆரஞ்சு எரிந்தது. எனக்குப் பகீரென்றது.

“அது ஒண்ணுமில்ல சார். மாட்யூல் போடாத போர்ட்டு, இல்லன்னா மூடி வெச்ச போர்ட்டு. எதுவுமே எரியலன்னாதான் குனிஞ்சு பாக்கணும்.”

இந்த ரகத்தில் பச்சை என்றால் இணைப்பு வந்துவிட்டது. அணைந்திருந்தால், போர்ட் திறந்திருக்கிறது, ஃபைபரைச் செருகும் விரல் நீள மாட்யூலும் இருக்கிறது, எதிர்முனையோடு மட்டும் இணைப்பு இல்லை. ஃபைபரின் இரண்டு இழைகள் இடம் மாறியிருக்கலாம். அல்லது தூசு. மஞ்சள் நிற ஃபைபரில் ஒளி ஓடும் உட்கரு வெறும் 9 மைக்ரான். தலைமுடியே அதைவிடப் பல மடங்கு தடிமன். பையன் ஃபைபர் நுனியைக் கண்ணருகே கொண்டுபோனபோது அதட்டல் விழுந்தது: “கண்ணுல வெச்சுப் பாக்காதடா!” உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். பேனா மாதிரி ஒரு கிளீனரை நுனியில் வைத்து ‘டக்’ என்று அழுத்தித் துடைத்தார். அணைந்திருந்த விளக்கு பச்சைக்கு வந்தது.

நள்ளிரவுக்குப் பிறகு ஒரு டிக்கெட், அதாவது பழுதுப் புகார், வந்தது. ஒரு பெட்டியில் ‘என்வ்’ விளக்கு ஆரஞ்சாம். விசிறியோ பவர் சப்ளையோ படுத்திருக்கிறது என்று பொருள். கட்டளை அடிக்கும் பொறியாளர் வேறு ஊரில் இருக்கிறார். அவரால் பெட்டியைத் தொட முடியாது. இவருக்கோ பெட்டிக்குள் லாகின் கிடையாது. ஒரே மாதிரிப் பெட்டிகள் வரிசையாக இருக்கும் இடத்தில் எதைக் கழற்றுவது? அங்கிருந்து அவர் கட்டளை கொடுக்க, இங்கே ஒரு பெட்டியின் இடது ஓரத்தில் ‘பிசிஎன்’ விளக்கு நீலமாகச் சிமிட்டியது. ஷிஃப்ட் பொறுப்பாளர் சீரியல் எண்ணைப் படித்துச் சொன்னார். ரேக்கில் எத்தனையாவது இடம் என்று குறித்துக்கொண்டு குளிர்ப் பக்கம் சுற்றி வந்தார்.

அங்கே விசிறிகள் நான்கு, பவர் சப்ளை இரண்டு. படுத்திருந்தது ஒரு விசிறி. மணிக்கட்டில் பட்டையை மாட்டி, மாற்று விசிறியின் பிடியைப் பார்த்தார்: நீலம். போர்ட் பக்கம் காற்றை வெளியேற்றும் ரகம் அது. கருஞ்சிவப்புப் பிடி என்றால் காற்று எதிர்த்திசையில் போகும். இரண்டையும் கலந்து போட்டால் பெட்டி சூடேறி நின்றுபோகவும் கூடும். ஸ்விட்சை அணைக்காமலே பழையதை உருவிப் புதியதைச் செருகினார். அந்தப் பெட்டி வழியாகத் தரவு போய்க்கொண்டிருந்த யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. “ஆயிடுச்சு சார்” என்று போனில் சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார்.

என்னை உறுத்தியது வேறு. இந்த விளக்குகளின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. பக்கத்து ரேக்கில் இருக்கும் வேறு கம்பெனிப் பெட்டியில் ஆரஞ்சுக்கு வேறு அர்த்தம். நெட்வொர்க் படிப்பு என்றால் கட்டளைகளை மனப்பாடம் செய்வது என்று ஆகிவிட்டது. விசிறியின் பிடி நிறத்தை அந்தப் பையன் இங்கே வந்துதான் முதன்முதலில் பார்த்தானாம். பாலிடெக்னிக் ஆசிரியர்களே, கழித்துக்கட்டிய பழைய ஸ்விட்ச் ஒன்றையாவது வாங்கி, மாணவர்கள் கையால் கழற்றி மாட்டக் கொடுங்கள்.