அம்மா ஏறக்கூடிய சக்கரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு ஒலிபரப்பு இல்லையென்றால், அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு பாசிர் பெனம்பாங்குக்குப் போவது எங்கள் வீட்டுப் பழக்கம். கோலசிலாங்கூர் பட்டணத்தைக் கடந்து சிலாங்கூர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வடகரையில் இந்த மீனவக் கிராமம். மலாயில் ‘பெனம்பாங்’ என்றால் ஆளேற்றிக் கரை சேர்க்கும் படகு. இப்போது பாலத்தில் ஒரே நிமிடத்தில் ஆற்றைக் கடந்துவிடுகிறோம். ஊர்ப் பெயரில் மட்டும் படகு மிச்சமிருக்கிறது.

ஆற்றோரக் கடைகளில் மீன், நண்டு, இறால். எதிர்க்கரையில் புக்கிட் மெலாவத்தி குன்று. நம்மவர்களில் பலர் இங்கே வருவது சாப்பிட. மாலையானால் கம்போங் குவாந்தானுக்குப் போய் மின்மினி பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள். நாங்களும் அப்படித்தான் வருவோம். ஆனால் கடந்த வருடம் முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையில் ஓடிய பேச்சு மீனைப் பற்றியது அல்ல, டயரைப் பற்றியது.

சேற்றில் உட்கார்ந்த வண்டி

என்னிடம் இருப்பது பழைய டொயோட்டா ஹைலக்ஸ், நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. இரண்டாம் கையாக வாங்கினேன். அம்மா பிறந்து வளர்ந்த தோட்டம் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைக் காட்டுக்குள் இருக்கிறது. லயத்து வீடுகள் இப்போது இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. அந்தக் கோயிலில்தான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் நடந்தது. ஒவ்வொரு சித்திரையிலும் ஊர் ஊராகப் பிரிந்து போனவர்கள் திருவிழாவுக்கு அங்கே கூடுவார்கள்.

போன வருடம் திருவிழாவுக்கு முந்தின நாள் நல்ல மழை. ஏப்ரலில் நம் பக்கம் மாலை மழைக்குக் குறைவே இருக்காது. பழக்குலை ஏற்றும் லாரிகள் ஓடி ஓடித் தோட்டப் பாதையில் இரண்டு ஆழமான தடங்கள் விழுந்திருந்தன. நான் தைரியமாக இறக்கினேன். பாதி தூரத்தில் சக்கரங்கள் சுழன்றன, வண்டி நகரவில்லை. நடு மேட்டில் வண்டியின் வயிறு உட்கார்ந்துவிட்டது.

பின்னிருக்கையில் அம்மா, மடியில் மாவிளக்குத் தட்டு. தோட்டத்து டிராக்டர் வந்து சங்கிலி போட்டு இழுத்து முடிப்பதற்குள் கோயிலில் பூசை முடிந்துவிட்டது. அம்மா யாரையும் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றுதான் சொன்னார்: “அடுத்த வருஷம் நீங்க போயிட்டு வாங்கய்யா. நான் வந்தா உங்களுக்குத்தான் சிரமம்.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பெரிய டயர் மாட்டுவது என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொல்வதென்றால், பெரிய டயர் மாட்டிய வண்டிகளைப் பார்த்து ஏங்கியதும் ஒரு காரணம்.

எண்கள் சொல்லும் கதை

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களை நம்மில் பலர் படித்துப் பார்ப்பதில்லை. என் வண்டியில் 265/65 ஆர்17 என்று இருந்தது. 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 65 விழுக்காடு. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 776 மில்லிமீட்டர்.

எனக்கு ஆசை 285/70 ஆர்17 மேல். அதன் உயரம் சுமார் 831 மில்லிமீட்டர், அதாவது 55 மில்லிமீட்டர் கூடுதல். ஆனால் டயர் எவ்வளவு பெரிதானாலும் வண்டியின் அடிப்பகுதி அதில் பாதிதான் உயரும். ஆக எனக்குக் கிடைப்பது 27 மில்லிமீட்டர், ஒரு கட்டைவிரல் அகலத்துக்குச் சற்றே மேல். அதற்கு ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் விலை சொன்னார்கள், ரிம்மோடு சேர்த்து.

கூடவே வரும் தொல்லைகளை யாரும் சொல்லவில்லை. சக்கரம் 7 விழுக்காடு பெரிதானால், ஒரு சுற்றில் வண்டி 7 விழுக்காடு கூடுதல் தூரம் ஓடும். மீட்டர் முள் அதை அறியாது. முள் சரியாக இருக்கும் வண்டியில் 90 காட்டும்போது உண்மையில் 96 ஓடிக்கொண்டிருப்போம். டயரும் கனம் என்பதால் வண்டி கிளம்பவும் நிற்கவும் முன்பைவிடச் சிரமப்படும், எண்ணெயும் கூடக் குடிக்கும். இன்னொன்று, வாங்க வேண்டியது நான்கு அல்ல, ஐந்து. மாற்று டயர் மட்டும் பழைய அளவில் இருந்தால், நான்கு சக்கரமும் இழுக்கும் நேரத்தில் கியர் பெட்டிக்கு ஆபத்து.

ரிம்மில் இருக்கும் சூட்சுமம்

பட்டணத்துக் கடை ஒன்றில் ஒன்பது அங்குல அகல ரிம்மைக் காட்டினார்கள். பார்க்க அருமை. ‘ஆஃப்செட்’ பூஜ்யம் என்றார்கள். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியோடு பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். என் வண்டியின் சொந்த ரிம்முக்கு அது 30. பூஜ்யம் போட்டால் சக்கரம் 30 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். டயரின் கூடுதல் அகலத்தில் பாதி 10. ஆக 40 மில்லிமீட்டர், ஒவ்வொரு பக்கமும்.

டயர் வண்டியின் உடலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகா சம்மன் கொடுக்கும். வண்டியைத் தூக்கி உயர்த்துவது போன்ற மாற்றங்களுக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சட்டத்தை விட்டாலும், சக்கரம் வெளியே தள்ளினால் பேரிங்குக்குச் சுமை கூடும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் உள்ளே உரசும்.

ஆறு போல்ட் ரிம் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், மிட்சுபிஷி டிரைட்டன் மூன்றுக்கும் போல்ட் வட்டம் 139.7 மில்லிமீட்டர்தான். ஆனால் நடு ஓட்டை வேறு. ஹைலக்ஸுக்கு 106.1, ரேஞ்சருக்கு 93.1, டிரைட்டனுக்கு 67.1. நண்பரின் வண்டியில் பொருந்தியது என்பதற்காக வாங்கினால் மாட்டவே முடியாமல் போகலாம். மாட்டினாலும் நடுவில் சரியாக உட்காராமல் அதிரும்.

அப்பாவின் பாடம்

இதையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டு போய் பாசிர் பெனம்பாங் கடையில் அப்பாவிடம் காட்டினேன். அப்பா தோட்டத்து லாரி ஓட்டியவர். தாளைப் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“எல்லாம் சரி தம்பி. போன வருஷம் டயர்ல எவ்வளவு காத்து இருந்துச்சு?”

36 பிஎஸ்ஐ. பட்டணத்துக்கு அடித்த காற்று. அதைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“காத்தைக் குறைச்சா டயர் தரையில விரியும். சேத்துல நீ தேடுற அகலம் அதுலயே கிடைச்சிடும். நாங்க லாரியை அப்படித்தான் கரையேத்தினோம். மறுபடி தார் ரோட்டுக்கு வந்ததும் காத்தை அடிச்சுடணும். இல்லாட்டி டயர் சூடாகி வெடிக்கும்.”

மண்ணையும் பார்க்கச் சொன்னார். கடலோரம் களிமண், டயர் பல்லில் அப்பிக்கொண்டு வராது. உள்ளே போனால் கரிமண் சதுப்பு, மேலே காய்ந்திருக்கும், அடியில் பஞ்சு மாதிரி இருக்கும். தோட்டப் பெரும்பாதையில் செம்மண், மழை பெய்தால் எண்ணெய் ஊற்றியது போல் வழுக்கும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி செம்பனை மட்டை. மட்டைக் காம்பின் முள் டயரின் பக்கச் சுவரில் ஏறினால் ஒட்டுப் போட்டுச் சமாளிக்க முடியாது, டயரையே மாற்ற வேண்டும்.

ஆகவே உயரத்தைவிடப் பக்கச் சுவரின் உறுதி முக்கியம். ‘எம்டி’ எனும் சேற்று டயரின் பற்கள் பெரியவை, சேற்றை உதறிவிடும். ஆனால் நெடுஞ்சாலையில் இரைச்சல், ஈரத் தாரில் பிடிப்பும் குறைவு. ‘எச்டி’ சாலைக்கு மட்டும். இடைப்பட்டது ‘ஏடி’. வாரம் ஐந்து நாள் வேலைக்கும், ஒரு நாள் மீன் சாப்பிடவும், வருடத்தில் சில நாள் கோயிலுக்கும் போகும் வண்டிக்கு அதுதான் பொருத்தம்.

அம்மா அதுவரை பேசாமல் மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தார். “இப்பவே ஏற முடியல. இன்னும் ஒசத்தினா என்னை ஏணி வச்சுத்தான் ஏத்தணும்” என்றார். முழங்கால் வலி அவருக்கு. யாருக்காக டயர் வாங்குகிறேனோ அவர் வண்டியில் ஏற முடியுமா என்பது என் கணக்கில் எங்கேயும் இல்லை.

பால்மரத்திலிருந்து வந்தது

அன்று திரும்பும்போது நேரே வீட்டுக்குப் போகாமல் புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வழியாகப் போனோம். பெஸ்தாரி ஜெயாவை அப்பா இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றுதான் சொல்வார். அங்கேதான் தென்னமரம் தோட்டம். 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவில் முதன்முதலாக வாணிப நோக்கில் செம்பனை நட்ட இடம் அது. மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டத்துக்கு ஒரு தமிழ்ப் பெயர், அதில் வளர்ந்ததோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம்.

இந்த வட்டாரத்தில் செம்பனைக்கு முன் ஆண்டது பால்மரம். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு மோட்டார் வண்டி பெருகியது, உலகத்துக்கு ரப்பர் வேண்டியிருந்தது. அந்த ரப்பருக்காகத்தான் நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தார்கள். அம்மாவின் அம்மா விடியும் முன் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போனவர். ஷா ஆலாமில் 1972 முதல் இயங்கிய குட்இயர் டயர் ஆலை 2024இல் மூடப்பட்டது. பால்வெட்டிய கைகளுக்கும் டயருக்கும் இருந்த உறவு இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணிலிருந்து மறைகிறது. இன்றும் டயரில் இயற்கை ரப்பர் இருக்கிறது. கடையில் வரிசையாக அடுக்கியிருக்கும் டயர்களைப் பார்த்தபோது எனக்குப் பாட்டியின் நினைவுதான் வந்தது.

வாங்கியது என்ன?

கடைசியில் சின்னப் பட்டணத்து டயர்க் கடை ஒன்றில் 265/70 ஆர்17 ஏடி வாங்கினோம். உயரம் சுமார் 803 மில்லிமீட்டர். வண்டி உயர்ந்தது 13 மில்லிமீட்டர், முள்ளில் வித்தியாசம் மூன்றரை விழுக்காடு. சொந்த ரிம் அப்படியே. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்தோம், எங்கள் வண்டியில் உரசவில்லை. உங்கள் வண்டியில் எப்படியோ, மாட்டிப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

சுமை எண்ணையும் பார்த்தோம். பழைய டயரில் 112, அதாவது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். அதற்குக் குறைந்து வாங்கக் கூடாது. டயர் எப்போது செய்யப்பட்டது என்பதும் பக்கத்திலேயே இருக்கிறது. நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019இன் 23வது வாரம். ‘புது டயர்’ என்று சொல்லி விற்கும் பழசை இதில் கண்டுபிடிக்கலாம்.

மிச்சமான காசில் மூன்று பொருள் வாங்கினேன்: காற்றடிக்கும் சின்ன கம்பிரசர், இழுக்கும் பட்டைக் கயிறு, வண்டியின் பக்கவாட்டில் அம்மா கால் வைத்து ஏற ஒரு படி.

இந்தச் சித்திரை

இந்த வருடமும் திருவிழாவுக்கு முந்தின நாள் மழை. தார்ச்சாலை முடியும் இடத்தில் நிறுத்தி, காற்றை 22க்குக் குறைத்தேன். போன வருடம் மாட்டிய இடத்தை வண்டி மெதுவாக, அவசரமில்லாமல் கடந்தது. அம்மா தட்டை இறுகப் பிடித்திருந்தார்.

கோயிலுக்குச் சுமார் இருநூறு மீட்டர் முன்னால் பாதையை மறித்துத் தண்ணீர். கீழே சின்ன பாலம் இருக்கும் இடம். அப்பா இறங்கினார். காய்ந்த மட்டை ஒன்றை எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். ஓரத்தில் மண் கரைந்திருந்தது.

“வேணாம் தம்பி. இது டயர் விஷயமில்ல.”

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இந்த ஒரு நாளுக்காக இத்தனை கணக்குப் போட்டவன் நான். ஆனால் வண்டியை ஓரங்கட்டினேன். அம்மா படியில் கால் வைத்து, என் தோளைப் பிடித்து இறங்கினார். மரங்களுக்கு இடையே மேடாக இருந்த வழியில் மூவரும் மெதுவாக நடந்தோம். உருமி சத்தம் கேட்கத் தொடங்கியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூசை இன்னும் தொடங்கவில்லை.

அம்மா மாவிளக்கு ஏற்றினார். பால்ய காலத்துத் தோழி ஒருவர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பேசிச் சிரித்ததைப் பார்த்தபோது, ஐயாயிரம் வெள்ளி ரிம்மைப் பற்றிய ஏக்கம் எனக்குச் சுத்தமாகப் போய்விட்டது.

இரவு சாப்பாட்டுக்கு மறுபடியும் பாசிர் பெனம்பாங். டயருக்குத் திரும்பக் காற்றடித்தாகிவிட்டது, சக்கரத்தில் சேறு மட்டும் காய்ந்திருந்தது. ஆற்றில் நீர் ஏறிக்கொண்டிருக்க, படகுகள் ஒன்றோடொன்று மெல்ல மோதிக்கொண்டு நின்றன. சாப்பாடு வரும்வரை அம்மா ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன்.

“இந்தத் தடவை நிறைய பேர் வந்துட்டாங்கய்யா. அடுத்த வருஷம் மாவு கொஞ்சம் கூட இடிக்கணும்.”