இரு வீட்டுச் சுவர்

கோவளத்தில் நமது இல்லத்திற்கும் மர்ஹூம் தம்பியின் இல்லத்திற்கும் நடுவே நிற்பது ஒரே சுவர். பாட்டனார் காலத்தில் செங்கல்லும் கிளிஞ்சற் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியது. வீடு இரண்டாகப் பாகமானபோது தந்தையார் அவர்கள் எல்லாவற்றையும் அளந்து பிரித்தார்கள். இச்சுவரை மட்டும் பிரிக்கவில்லை. "சுவர் இருவருக்கும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் ‘ஸுல்ஹு’ என்னும் பாடத்தில் இத்தகைய பொதுச்சுவரைப் பற்றிய சட்டங்கள் உண்டு. பங்காளியின் சம்மதமின்றி அதில் ஆணி அறைவதற்கில்லை, சாளரம் திறப்பதற்கில்லை. சுவர் பழுதுற்றால் மற்றவரைச் செலவு செய்யுமாறு கட்டாயப்படுத்த இயலாது என்பது இமாம் அவர்களின் புதிய கூற்று. இவற்றை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வந்தவர் நாம். அப்படிப்பட்ட நாம் அச்சுவருக்கு இழைத்த தீங்கைத்தான் இங்கே எழுதப் புகுகிறோம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிறு காலை, கடல் கரையேறி வந்தது. நமது இல்லத்துள் தொடையளவு நீர் நின்று வடிந்தது. உயிருக்குச் சேதமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வடிந்தது நீர் மட்டுமே. உப்பு சுவரிலேயே தங்கிவிட்டது. சில திங்களில் இடுப்புயரம்வரை சுண்ணாம்புப் பூச்சு செதில் செதிலாக உதிரத் தொடங்கிற்று. தம்பி அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். அவருடைய ஆண்மக்கள் இருவருக்கும் அப்போது வயது ஆறும் நான்கும். அவ்விரு யத்தீம்களின் பொறுப்பு நம்மிடம் இருந்தது. தம்பி விட்டுச் சென்ற சிறு தொகையும் நம்மிடமே இருந்தது.

அக்காலத்தில் வேலைக்கு வந்த கொத்தனார் ஒருவர், "பழைய சுண்ணாம்பைக் கொத்தி எறிந்துவிட்டுச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே வராது, பாய்" என்றார். நமக்கும் அது அறிவுடைய பேச்சாகவே பட்டது. 2005இல் சுவரின் இருபுறமும் சிமெண்டு ஏறியது. செலவில் ஒரு பாதியை அம்மக்களின் தொகையிலிருந்து எடுத்தோம். கணக்கு எழுதியே எடுத்தோம் என்றாலும், எடுத்தோம்.

சில ஆண்டுகள் சுவர் பளபளவென்று நின்றது. பின்னர் சிமெண்டு முடியும் கோட்டிற்கு மேலே வெண்ணிற உப்புப் பூத்தது. அங்கும் சிமெண்டு பூசினோம். உப்பு அதற்கும் மேலே ஏறியது. நோயாளியின் காய்ச்சலைப் போர்வையால் மூடி மறைத்தது போன்ற வைத்தியம் அது. 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு ‘மாண்டஸ்’ புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. இரண்டு நாள் கழித்துத் தம்பியின் மூத்த மகன் நம்மை அழைத்தார். அவர் வீட்டுப் பக்கத்தில் பாயளவு சிமெண்டுப் பாளம் ஒன்று பெயர்ந்து தரையில் கிடந்தது. அவர் பின்னால் இருந்த செங்கல்லில் விரலை வைத்தார்; கணு மறையும் அளவுக்கு விரல் உள்ளே போயிற்று. "பெரியத்தா, சுவருக்குள்ளே கல்லே இல்லை, மாவுதான் இருக்கிறது" என்றார்.

நடந்தது இதுதான். செங்கல் தரையின் ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் மேலே இழுக்கும். அவ்வீரம் எங்கேனும் வெளியேறியாக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் உடையது. ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு அப்பூச்சிலேயே வந்து படியும், பூச்சு உதிரும், கல் தப்பும். பூச்சு கல்லுக்காகத் தன்னைக் கொடுத்துக்கொள்கிறது எனலாம். சிமெண்டோ வழியை அடைத்துவிடுகிறது. அப்போது உப்பு செங்கல்லின் உள்ளேயே உறைகிறது. கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் தானே நீராகக் கரையும். குறைந்தால் மீண்டும் படிகமாகும். கடற்கரையில் இரவில் கரைந்து பகலில் உறைவது நாள்தோறும் நடக்கும் காரியம். உறையும் ஒவ்வொரு முறையும் ஓர் ஆப்பு அறைந்ததுபோல் கல்லைப் பிளக்கும். பதினேழு ஆண்டுகள் அந்த ஆப்பை நாம் வெளியிலிருந்து பூசி மறைத்து வைத்திருந்தோம்.

தெருவும் தன் பங்கைச் செய்தது. சாலை போடும் ஒவ்வொரு முறையும் பழையதின்மேல் புதியதைப் போட்டதால், கருங்கல் அடித்தளம் மண்ணுக்குள் மறைந்து, செங்கல் நேரே ஈரத்தில் நின்றது.

பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, "இடித்துவிட்டுக் கட்டுங்கள்" என்றார். இளைய மகனுக்கும் அதே எண்ணம். நமக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் 2005இல் நம் மனம் ஒப்பிய காரியத்தின் விளைவு கண்முன் கிடந்தபோது, அம்மனத்தை எப்படி நம்புவது?

அவ்வாரம் சதுரங்கப்பட்டினம் சென்றோம். டச்சுக்காரர் கோட்டைக்குள் இருக்கும் செங்கற் கிடங்குகளை முன்னரும் பார்த்திருக்கிறோம். சுவரை மட்டும் பார்ப்பதற்காகப் போனது அதுவே முதல் முறை. எதிரே கடல், மூன்று நூற்றாண்டுகளாக உப்புக் காற்று. பூச்சு எங்கோ போய்விட்டது, இணைப்புச் சுண்ணாம்பு அரித்திருக்கிறது, செங்கல் நிற்கிறது. டச்சுக்காரர் இந்தியாவிலிருந்த தம் இடங்களை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1824இல் ஆயிற்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தனார் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றதும் அதே 1824இல்தான். அக்கோட்டையைக் கட்டியவர் சிமெண்டைக் கண்டதில்லை.

அங்கிருந்து மாமல்லபுரம். கடற்கரைக் கோயில் கருங்கல்லே ஆயினும் அதற்கும் உப்பே பகை. தொல்லியல் துறையினர் காகிதத்தை நன்னீரில் கூழாக்கி அக்கல்லின்மேல் அப்பி, உலரவிட்டு, உப்பை உறிஞ்சி எடுப்பது வழக்கம். காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களையும் வளர்த்திருக்கிறார்கள். கருங்கல்லையே குடையும் உப்பு செங்கல்லை விட்டுவைக்குமா என்று எண்ணிக்கொண்டு திரும்பினோம்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய கொத்தனார் ஒருவர் செங்கற்பட்டுப் பக்கத்தில் இருப்பதாகக் கேள்வியுற்று அழைத்து வந்தோம். (செங்கல்லுக்காக ஏற்பட்ட பெயர் செங்கற்பட்டு என்று பலர் எண்ணுகின்றனர். செங்கழுநீர்ப் பூவினால் ஏற்பட்டது என்று விளக்குவோரும் உளர். நமக்கு இரண்டாவதே பிடித்தம்.) பெரியவர் மரச் சுத்தியலால் சுவரை அடிமுதல் மேல்வரை தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். பொள்ளென்று ஒலித்த இடங்களில் கரிக்கோடு போட்டார். பிறகு, "மூன்றில் ஒரு பங்குதான் போயிருக்கிறது, பாய். மிச்சத்தை ஏன் கொல்ல வேண்டும்?" என்றார்.

இங்கே ஒரு செய்தி சொல்லாமல் அப்பால் செல்ல மனமில்லை. திருமறையின் கஹ்ஃபு அத்தியாயத்தில், மூஸா நபி (அலை) அவர்களும் இறையடியார் ஒருவரும் விருந்தோம்பாத ஓர் ஊரில் சாயும் தறுவாயிலிருந்த சுவரைக் காண்கின்றனர். அவ்வடியார் அதைக் கூலியின்றிச் செம்மைப்படுத்துகிறார். அச்சுவர் இரு யத்தீம்களுக்குரியது. அடியில் அவர்களுடைய புதையல். அடியாரின் பெயர் கிள்ரு (அலை) என்பது நபிமொழி வாயிலாகத் தெரிவது. சுவருக்கே விழ விருப்பம் இருந்தாற்போலப் பேசும் அவ்விடத்தை அரபு அணிநூலார் ‘மஜாஸ்’ என்பர்; தமிழில் இலக்கணை எனலாம். நம்மை நிறுத்தியது வேறோர் இடம். அவர்கள் சுவரை எப்படிச் செம்மைப்படுத்தினார்கள்? கையால் தடவினார்கள், நிமிர்ந்தது என்பார் ஒரு சாரார். இடித்துவிட்டுக் கட்டினார்கள் என்பார் மற்றொரு சாரார். இரு கூற்றையும் முப்பதாண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறோம். எது வலிது என்று ஒரு மாணவன்கூடக் கேட்டதில்லை. இப்போது தம்பி மக்கள் இருவர் எதிரே நின்று கேட்டார்கள்.

கையால் தடவி நிமிர்த்தும் தகுதி நமக்கில்லை. ஆனால் கையால் செய்யும் வேலை ஒன்று இருந்தது.

முதலில் சிமெண்டு முழுவதையும் சிற்றுளியால் மெல்லப் பெயர்த்தோம். உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து முறத்தில் ஏந்தி வெளியே கொட்டினோம். கழுவினால் கரைந்து உள்ளேயே திரும்பிவிடும். மாமல்லபுரத்து முறைப்படி நாளிதழ்களை ஊறவைத்துக் கூழாக்கி அப்பினோம். இறைநாமம் அச்சான தாள்களைப் பொறுக்கி விலக்கிய பின்னரே ஊறவைக்க வேண்டும் என்று நாம் உட்கார்ந்துவிட்டதால் ஒரு முழு நாள் போயிற்று. பெரியவர் பொறுத்துக்கொண்டார், மக்கள் சிரித்தார்கள். மூன்று முறை அப்பி மூன்று முறை உரித்தோம். நைந்த கற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்துப் புதுக்கல் செருகினோம். இணைப்புகளை இரு விரற்கிடை ஆழம் சுரண்டி நிரப்பினோம்.

சுட்ட கிளிஞ்சலை நீரிலிட்டால் அது கொதிக்கும் கொதிப்பை இன்றைய பிள்ளைகள் கண்டதில்லை. கண்ணை மூடச் செய்து எட்ட நிறுத்தினோம். நீற்றிய சுண்ணாம்பை ஒரு மாதம் நீரின்கீழ் வைத்தோம். ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல், சிறிது செங்கற்பொடி, கடுக்காய் ஊறிய நீர், வெல்லம். கடுக்காயை அரபு மருத்துவ நூல்கள் ‘இஹ்லீலஜ்’ என்னும். வயிற்றுக்கு நல்லது என்று படித்தது சுவருக்கும் ஆகும் என்பதை அறிந்தோம். பாலாற்று மணல் அரிதாகிவிட்டதால் எம்-சாண்டே கிடைத்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு மெல்லக் கல்லாவது. அவசரம் அதற்குப் பிடிக்காது. ஈரச் சாக்கைப் போட்டுக் காத்திருந்தோம்.

சிமெண்டின்மேல் நமக்கு வன்மம் இல்லை. கொல்லைப்புறத்து ஹாலோ பிளாக் சுவரில் படிப்படியாக ஓடிய விரிசலுக்குச் சிமெண்டே போட்டோம். அச்சுவர் அதனாலேயே கட்டியது. அதிலும் முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது மணல் இறங்கிய அடித்தளத்தைத்தான்.

செலவு முழுவதும் நம்முடையது. வேலை தொடங்குமுன் மக்கள் இருவரையும் அமர்த்தி, 2005ஆம் ஆண்டுக் கணக்கேட்டை முன்னே வைத்தோம். "இது உங்கள் பணம். உங்கள் சுவரைக் கெடுப்பதற்கு உங்கள் பணத்தையே எடுத்திருக்கிறோம்" என்றோம். மூத்தவர் ஏட்டைத் திறக்கவில்லை. இளையவர் திறந்து, தம் தந்தையின் பெயர் எழுதிய பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பணம் இருக்கட்டும், பெரியத்தா. இனி எங்களையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்." குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

முன்னர் ரமளானுக்கு முன் ஆண்டுதோறும் வெள்ளையடிப்பது ஊர் வழக்கம். பிளாஸ்டிக் வண்ணம் வந்து அதை ஒழித்தது. இப்போது ஷஅபான் மாதத்தில் நம் பக்கத்தை நாமும் அவர்கள் பக்கத்தை அவர்களும் அடிக்கிறோம். வடகிழக்கு மூலையில் உள்ளங்கை அகலத்திற்கு இன்னும் உப்புப் பூக்கிறது. இரு பங்கிலும் சேர்ந்த மூலை அது. ஸுப்ஹுத் தொழுகைக்குப்பின் யார் முதலில் காண்கிறோமோ அவர் உலர்ந்த தூரிகையால் துடைத்துவிடுகிறோம்.