முக்கால் குதிரை

பெட்ரோல் பங்க்கில் ஒரு லிட்டருக்குப் பைசா சுத்தமாக எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள். அந்த ஒரு லிட்டரை எரிக்க, எஞ்சின் கிட்டத்தட்ட 9,000 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. அதற்கு பில் கிடையாது. பில் இல்லாத சமாச்சாரத்தை நாம் என்றைக்குக் கவனித்திருக்கிறோம்?

எனக்கு 2011 கத்திரி வெயிலில் கவனிக்கும்படி ஆயிற்று. அப்போது என்னிடம் இருந்தது 1996 மாடல் மாருதி 800. செகண்ட் ஹாண்ட் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால் நான் நாலாவது ஆள். 1983 டிசம்பரில் இந்திரா காந்தி கையால் முதல் சாவி கொடுத்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை, சம்பளக்காரர்களைக் காரில் ஏற்றி வைத்த வண்டி அது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், 37 குதிரை.

அப்பாவுக்கு மூச்சிரைப்பு. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் நரிக்குடியிலிருந்து மதுரைக்கு டாக்டரிடம் போக வேண்டும். எங்கள் பக்கத்து ரோடு தெரியுமில்லையா? இரண்டு பக்கமும் சீமைக் கருவேல், நடுவில் புழுதி. ஜன்னலை இறக்கினால் அப்பாவுக்கு ஆகாது, ஏ.சி. போட்டே ஆக வேண்டும். 37 குதிரையில் மூன்று நாலு குதிரையை ஏ.சி.யே ஓட்டிக்கொண்டு போய்விடும். மிச்சமிருப்பவை மே மாத மத்தியானத்தில் கருவேல நிழலைத் தேடும். முன்னால் மண் டிராக்டர் ஒன்று போனால் போச்சு, ஓவர்டேக் பண்ண முடியாமல் அதன் புழுதியிலேயே இரண்டு கிலோமீட்டர். "வண்டி திணறுதேப்பா... ஏ.சி.யை வேணா நிறுத்திக்க" என்பார் அப்பா. நிறுத்தினால் ஐந்தாவது நிமிஷம் அவருக்குத் திணறும்.

மதுரையிலிருந்து வந்த என் மச்சினன்தான் முதலில் வைத்தியம் சொன்னான். "கோல்ட் ஏர் இன்டேக் போட்டுரு மச்சான். கூம்பு மாதிரி ஃபில்டர் விக்கிது. ரெண்டாயிரத்தைந்நூறு. பத்து குதிரை ஏறும்!"

"பத்து எங்கேர்ந்துடா வரும் மாப்ளே?"

"சவுண்டைக் கேட்டாலே தெரியும் மச்சான்."

அதுதான் விஷயம். சத்தம் ஏறினால் வேகம் ஏறிய மாதிரி ஒரு பிரமை. (ஆபீஸிலும் அப்படித்தான், அதை விடுங்கள்.) பானெட்டுக்குள் அந்தக் கூம்பைத் திறந்தபடி வைத்தால், அது உறிஞ்சுவது எஞ்சினையும் ரேடியேட்டரையும் தடவி வந்த சூட்டுக் காற்றை. பெயர் மட்டும் கோல்ட்!

அதற்காக விஷயமே புருடா என்று சொல்லிவிட முடியாது. சூடானால் காற்று விரியும். அதே ஒரு லிட்டர் இடத்தில் ஆக்ஸிஜன் குறையும். சுமாராக மூன்று டிகிரி ஏறினால் ஒரு சதவீதம் காற்று நஷ்டம். எஞ்சினோ தன் 796 சி.சி. வயிற்றுக்கு மேல் உறிஞ்ச முடியாது. கார்புரேட்டர் வண்டியில் இன்னொரு கஷ்டம்: காற்று மெலிந்தாலும் பெட்ரோல் அதே விகிதத்தில் குறையாது. கலவை கொழுத்து, ஸ்பார்க் பிளக் கரியாகி, மைலேஜும் போகும். எங்கள் ஊர்க் கரிமூட்டக்காரரிடம் கேட்டால் இதை எஞ்சினே இல்லாமல் சொல்லுவார். கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, ஓட்டை விட்டு, காற்றை அளந்து கொடுப்பதுதான் அவர் தொழில். காற்று கூடினால் சாம்பல், குறைந்தால் கருகாத விறகு.

அப்பா வீட்டில் சும்மா இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியை மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். ஃபிரிட்ஜுக்குள் வைக்கிற வயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை அருப்புக்கோட்டையில் வாங்கி, அதன் முனையை ஏர் கிளீனருக்குள் விட்டு, திருச்சுழி வரை ஓட்டிப் பார்த்தோம். வெளியே 38 டிகிரி. கிளீனருக்குள் 62!

அண்ணன் கிளீனரைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அந்தக் காலத்துக் கார்புரேட்டர் கார்கள் பலவற்றில் ஏர் கிளீனருக்கு இரண்டு நிலை உண்டு: சம்மர், விண்டர். விண்டரில் வைத்தால் சைலன்சர் மேனிஃபோல்டு மேலிருந்து சூட்டுக் காற்றை எடுக்கும். பனி கொட்டும் ஊரில் கார்புரேட்டர் தொண்டையில் ஐஸ் கட்டாமலிருக்கவும், பெட்ரோல் ஒழுங்காக ஆவியாகவும் அந்த ஏற்பாடு. எனக்கு முந்தைய மூவரில் யாரோ ஒரு புண்ணியவான் அதை விண்டரில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நரிக்குடியில் விண்டர்!

"தம்பி, ஊட்டி வண்டியா இருக்குமோ?" என்றார் அண்ணன்.

சம்மருக்குத் திருப்பினோம். மறுபடி திருச்சுழி. 49 டிகிரி. பதின்மூன்று டிகிரி குறைந்தது, தாராளமாகக் கணக்குப் போட்டால் ஒன்றரைக் குதிரை. செலவு, பூஜ்யம்.

அதற்குப் பிறகுதான் குழாய் வேலை. ஏர் கிளீனர் மூக்கிலிருந்து வெளிக்காற்று வரும் இடத்துக்கு ஒரு குழாய் போக வேண்டும், அவ்வளவுதான் தத்துவம். பிளம்பிங் பி.வி.சி. வேண்டாம் என்று அண்ணன் தடுத்துவிட்டார். 80 டிகிரி வாக்கில் அது இளக ஆரம்பிக்கும். எஞ்சின் பக்கத்தில் அந்தச் சூடு சாதாரணம். பழைய லாரி ஏர் கிளீனர் ரப்பர் ஹோஸ், உள்வாய் இரண்டு அங்குலம், கை நீளம்: 160 ரூபாய். ஹோஸ் கிளிப் இரண்டு: 40. எண்ணெய் டின்னை வெட்டி, மேனிஃபோல்டுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு. டின் வீட்டில் இருந்தது, டிங்கர் கூலி 80. ஆக 280. குழாயை முழங்கை மாதிரி மடக்காமல், வளைவாக விட்டு, வாயை ஹெட்லைட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் காற்று படாத மூலையில் வைத்தோம். பழைய பேப்பர் ஃபில்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதில் மட்டும் அண்ணன் விடாப்பிடி.

"காத்து எங்கேர்ந்து வருதுன்னு பாக்குறீகளே, புழுதி எங்கேர்ந்து வருதுன்னு பாத்தீகளா? நம்ம ஊர்ல ஃபில்டர் இல்லாம ஒரு மாசம் ஓட்டுங்க. சிலிண்டரை உப்புத்தாள் வச்சுத் தேச்ச மாதிரி ஆயிரும்."

மூன்றாவது தரம் திருச்சுழி. 42 டிகிரி. ஏழு டிகிரி லாபம், சுமார் இரண்டு சதவீதம். 37-இல் இரண்டு சதவீதம் என்றால் முக்கால் குதிரை. மச்சினனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "முக்கால் குதிரையா? எந்த முக்கால் மச்சான், வால் இருக்குற பக்கமா?" என்றான்.

ஒன்றரையும் முக்காலும் சேர்ந்து இரண்டே கால். மதுரை ரோட்டில் அடுத்த தரம் மண் டிராக்டர் வந்தபோது, ஏ.சி. போட்டபடியே மூன்றாவது கியரில் தாண்டினேன். பிரமாதமான பாய்ச்சல் ஒன்றும் இல்லை. தாண்டினேன், அவ்வளவுதான். அப்பா திரும்பிப் பின்கண்ணாடி வழியே அந்தப் புழுதியைப் பார்த்துக்கொண்டே வந்தார். "வண்டிக்கு மூக்கு வச்சு விட்டுட்ட. அந்தத் தெர்மாமீட்டர்காரன்ட்ட எனக்கும் ஒண்ணு கேட்டுப்பாரு" என்றார். அன்றைக்கு டாக்டர் வீட்டுக்கே நெபுலைசர் எழுதிக் கொடுத்தார். அதுவும் மருந்தைக் காற்றில் கலந்து கொடுக்கிற மிஷின்தான். விலைதான் என் குழாயைவிடப் பல மடங்கு.

இதைப் படித்துவிட்டு இன்றைய காரில் கத்தியும் கையுமாக இறங்கிவிடாதீர்கள். இப்போது வருவதெல்லாம் இன்ஜெக்‌ஷன் வண்டி. உள்ளே போகும் காற்றின் சூட்டை ஒரு சென்சார் பார்த்துப் பெட்ரோலை அளக்கிறது. குழாயின் வாயையும் கம்பெனிக்காரனே பெரும்பாலும் முன்கிரில் பக்கம் வைத்துத்தான் அனுப்புகிறான். பானெட்டைத் திறந்து அந்தக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். சர்வீசில் கழற்றியது திரும்ப மாட்டப்பட்டிருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா, அது போதும். இன்னொன்று: குளிர்ந்த காற்றுக்கு ஆசைப்பட்டு வாயைப் பம்பருக்குக் கீழே இறக்கக் கூடாது. தரைப்பாலத்தில் முழங்கால் தண்ணீர் போனால் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ எஞ்சின்கள் அப்படித்தான் போயின, குழாய் மாற்றாத வண்டிகளே!

என் குழாய்க்கு வந்த ஆபத்து வேறு. ஆடி மாதம் ஒரு வாரம் வண்டி சும்மா நின்றதில், அதன் வாய்க்குள் குளவி கூடு கட்டிவிட்டது. ஈக்குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு, கொசு வலைத் துண்டு ஒன்றை வாங்கி வாயில் கட்டினேன். புழுதி அடைக்காமலிருக்க ஞாயிறுதோறும் அதை அலசிக் காயப்போட வேண்டும். கொடியில் அப்பாவின் கைக்குட்டைக்குப் பக்கத்தில் தொங்கும். வலை பதினைந்து ரூபாய். ஆக மொத்தம் 295.